சனிக்கிழமைக் கையெழுத்து

மிஸஸ் மின்ஜூட்டிடம் செல்லோ கற்றுக்கொள்ள வருகிறவர் எட்டு வயதுப் பிள்ளையானாலும் சரி, எட்டுப் பிள்ளை பெற்றவரானாலும் சரி, பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவர வேண்டும். வாரத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஏழு கட்டம். தினமும் அரை மணி நேரம் வாசித்ததை வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்டு, அன்றைய கட்டத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அந்த அம்மாள் திட்டமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அதே காலிக் கட்டத்தை இன்னொரு முறை பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலை.

தனசேகரனுக்கு நாற்பத்திரண்டு வயது. சிங்கப்பூர் வில்கி ரோட்டிலிருந்த அந்த அம்மாள் வீட்டில் முதல் நாள் இந்த விதியைக் கேட்டதும், "அம்மா அப்பா இரண்டு பேரும் மேலே போய்விட்டார்கள், கையெழுத்து வாங்க நானும் போய்வர வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். மிஸஸ் மின்ஜூட் சிரிக்கவில்லை. பெரியவர்களுக்குத் தனி விதி போட்டால் சின்னவர்கள் எங்கே மதிப்பார்கள் என்றார். வீட்டில் யாராவது போதும், ஆனால் யாராவது வேண்டும்.

சிக்கலே அங்கேதான் இருந்தது. தனசேகரனின் வீடு என்பது நோரிஸ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் அவரைத் தவிர மூச்சு விடுகிற பொருள் ஒரு மேசை விசிறி மட்டும்தான். அதுவும் அடிக்கடி நின்றுபோகும்.

இந்த வயதில் இவருக்கு எதற்கு செல்லோ என்று அவரைத் தெரிந்த எல்லாரும் கேட்டார்கள். வானொலி நிலையத்தில், இசைத்தட்டு அறையில் அவருக்கு வேலை. அறிவிப்பாளர்கள் கேட்கிற தட்டை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததைத் துடைத்து உறையில் போடுவதும்தான் உத்தியோகம். ஒரு நாள் நாதஸ்வரத் தட்டு என்று உறையைப் பிரித்தால் உள்ளே வேறு ஏதோ இருந்தது. என்னவென்று பார்ப்பதற்காகச் சுழலவிட்டார். ஒரு கனத்த மனிதர் வாயை மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று, தனக்கு ரொம்ப முக்கியமான எதையோ சொல்வது போல ஒரு சத்தம் வந்தது. தட்டு முடிகிற வரைக்கும் தனசேகரன் நின்றபடி கேட்டார். பக்கத்து மேசைக்காரர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தனசேகரன் பத்து நிமிஷம் வேடிக்கை பேசாமல் இருந்து அவர் பார்த்ததேயில்லை.

வேடிக்கை பேசுவது தனசேகரனுக்குச் சளி பிடிப்பது மாதிரி. வேண்டாம் என்றால் நிற்காது. கல்யாண வீட்டில் அவர் இருந்தால் பந்தி நகராது. துக்க வீட்டில் அவரைப் பின்வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். இளவயதில் இரண்டு இடத்தில் பெண் பார்க்கப் போனார். இரண்டு வீட்டாரும் வயிறு வலிக்கச் சிரித்து, கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவருக்காகப் போய்ப் பேச ஆளும் இல்லை. பேச வேண்டும் என்று அவரும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதை வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

செல்லோ வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். தோளில் வைக்க முடியாது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்தி, வில்லை நிதானமாக இழுக்க வேண்டும். இப்படி ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் வேடிக்கை பேச வராது என்று தனசேகரன் நம்பினார். வாசிக்க ஆரம்பித்த பிறகு, தான் வாசிப்பதே வேடிக்கையாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

மிஸஸ் மின்ஜூட் தன்னிடமிருந்த பழைய செல்லோ ஒன்றை வாடகைக்குக் கொடுத்தார். அதை டிரைஷாவில் ஏற்றிக்கொண்டு போனபோது, பெட்டியின் நீளத்தைப் பார்த்த வண்டிக்காரர் மரியாதையாக மெதுவாக மிதித்தார். செலிகி ரோட்டில் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

மாடியில் வாசிக்கப் பக்கத்து அறைக்காரர்கள் விடவில்லை. சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் அரிசி மூட்டை அடுக்கும் அறைதான் கிடைத்தது. அடுத்த அறை சமையல்கட்டு. தலைமைச் சமையல்காரர் வடிவேலு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பார், கேட்டு முடித்துக் கையெழுத்தும் போடுவார். கண்ணில் நீர் வழியும். வெங்காயத்துக்கா வாசிப்புக்கா என்று தனசேகரன் கேட்டதில்லை.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. வடிவேலு நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற தவறைத்தான் அவரும் செய்தார். தினம் கையைக் கழுவி, மஞ்சள் கறையைத் துடைத்து, பேனாவைத் தேடி எடுக்கிற பாட்டை யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார். இதைத் தனசேகரன் பார்க்கவேயில்லை. அறுபத்தாறாம் வருஷம் அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மிஸஸ் மின்ஜூட்தான் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்று புரட்டினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மிஸ்டர் தனசேகரன், வருகிற பிப்ரவரி பதினெட்டாம் தேதி நீங்கள் அரை மணி நேரம் வாசித்திருக்கிறீர்கள். எப்படிப் போயிற்று?"

மற்ற நாளாக இருந்தால் தனசேகரனிடம் பதில் இருந்திருக்கும். அன்று கூடத்தின் மூலையில் அவருக்கு முந்தின பாடக்காரி, மங்கை என்ற ஒன்பது வயதுப் பெண், தன் அரை அளவு செல்லோவை உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா நின்றிருந்தார். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனசேகரனுக்குக் காது சுட்டது.

மிஸஸ் மின்ஜூட் புது நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். அடுத்த வாரம் நாணயமான கையெழுத்து ஒன்றாவது இதில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த நேரத்தைக் கேட்டு ஒரு பல் டாக்டர் காத்திருக்கிறார் என்றார்.

பாடம் முடிந்து வெளியே வந்தால், வாசல்படி அடியில் மங்கையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். பெயர் பாக்கியலட்சுமி. ஜோகூர் பாருவில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்த கணவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை குடும்பம் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே புத்தகம் இருக்கும் என்று நம்பித் திறந்தால் சின்னதாக ஒரு செல்லோ. அதைக் கட்டிப்பிடித்த மங்கை பிறகு விடவில்லை. பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் சனிக்கிழமை தோறும் பிள்ளையையும் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கடல்மேல் போட்ட பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வருகிறார். ஆசிரியை என்பதைத் தவிர மற்றதெல்லாம் தனசேகரனுக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு டீச்சர் பேசியது கொஞ்சம்தான்.

"சார், வேணும்னா நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா கேக்காம போடமாட்டேன்."

"கேட்டப்புறம் போடவே மாட்டீங்களே டீச்சர்" என்றார் தனசேகரன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "அது நீங்க வாசிக்கிறதப் பொறுத்தது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை முதல் ஏற்பாடு இப்படி ஆயிற்று. மூன்று மணிக்கு மிஸஸ் மின்ஜூட் வீட்டுச் சமையலறைக்குப் பின்னாலுள்ள வராந்தாவில், ஆட்டுக்கல்லுக்கும் பப்பாளி மரத்துக்கும் நடுவே நாற்காலி போட்டுத் தனசேகரன் அரை மணி நேரம் வாசிப்பார். படியில் உட்கார்ந்து டீச்சர் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்துவார். மூன்றரைக்கு மங்கை பாடத்துக்கு உள்ளே போவாள், நாலு மணிக்குத் தனசேகரன். அதற்குப் பிறகு ஜோகூர் பஸ்.

டீச்சர் தலையை நிமிர்த்துவதில்லை. ஆனால் ஒரு சுரம் பிசகினால் அவர் கையிலிருந்த சிவப்புப் பென்சில் நின்றுவிடும். சரியான இடத்துக்கு விரல் போனதும் மறுபடி ஓடும். மிஸஸ் மின்ஜூட்டின் எல்லாப் பாடங்களையும்விட அந்தப் பென்சிலிடம் தனசேகரன் கற்றுக்கொண்டது அதிகம். மங்கை பென்சிலுக்குப் பதில் வாயை வைத்திருந்தாள்.

"அங்கிள், விரல் ரொம்பக் கீழ போயிடுச்சு. நீங்க வேற ஊருக்கே போயிட்டீங்க."

முதல் நாள் முடிந்ததும் டீச்சர் நோட்டை வாங்கி, சனிக்கிழமைக் கட்டத்தில் தன் முழுப் பெயரையும் கரும்பலகையில் எழுதுவது போல நிறுத்தி எழுதினார். மற்ற ஆறு கட்டங்களைக் காட்டித் தனசேகரன் ஏதோ முணுமுணுத்தார்.

"மத்த நாள் நான் கேக்கலையே சார்."

மிஸஸ் மின்ஜூட் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். ஒன்று நாணயமாக இருக்கிறது, அதனால் ஒன்று போதும் என்று முடிவு சொல்லிவிட்டார்.

அந்த ஆறு காலிக் கட்டங்கள் தனசேகரனைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. முன்பெல்லாம் வாசிக்காத நாளுக்கும் கையெழுத்து இருந்தது. இப்போது தினமும் வாசித்தார், கையெழுத்துத்தான் இல்லை. திங்கட்கிழமை அரிசி மூட்டைகளுக்கு வாசிக்கும்போது, இந்த இடத்தில் பென்சில் நிற்குமா ஓடுமா என்று காது தேடும். புதன்கிழமை ஒரு சின்னப் பாட்டு பிசகில்லாமல் முழுசாக வந்துவிடும். வந்து என்ன, கேட்க வேண்டியவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை முடிவெட்டிக்கொள்வார். வாரா வாரம் வெட்டி வெட்டி, நாவிதர் ஒரு கட்டத்தில் இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக் காதோரம் சும்மா கத்தரிக்கோல் சத்தம் மட்டும் காட்டி அனுப்பினார்.

பாடம் முடிந்ததும் மங்கையின் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு ரோச்சோர் ரோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போவார். போகிற வழியெல்லாம் பேசுவார். ஒருவர் பேசவேண்டியதை வேடிக்கையில் மூட்டை கட்டி எவ்வளவு பேசலாமோ அவ்வளவும் பேசுவார். மங்கை குலுங்கிச் சிரிப்பாள். டீச்சர் முகத்தில் ஒரு சுளிவுகூட விழாது. மிஸஸ் மின்ஜூட்டை விட்டால், இருபது வருஷத்தில் தன்னைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் இவர்தான் என்று தனசேகரனுக்குப் பட்டது. அதனாலேயே இன்னும் பேசினார்.

ஒரு நாள் டீச்சர் பஸ்ஸில் இடம் பார்க்க ஏறியபோது மங்கை தனசேகரனின் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு ரகசியம் சொன்னாள்.

"அம்மா சிரிப்பாங்க அங்கிள். இங்க இல்ல. பஸ்ஸு உட்லண்ட்ஸ் தாண்டுனப்புறம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிப்பாங்க. என்னாம்மான்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுவாங்க."

அன்று முதல் தனசேகரனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. பஸ் கிளம்புவது ஐந்தே கால். புக்கித் தீமா ரோட்டில் போய், கிராஞ்சி பக்கம் ஆள் ஏற்றி இறக்கி, பாலம் தொடங்குகிற உட்லண்ட்ஸ் வர ஆறு பத்து ஆகும். கீழே கடையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முள் ஆறு பத்தைத் தொட்டதும் சோற்றில் கை அப்படியே நிற்கும். இப்போது சிரிப்பார். பன்னிரண்டு மைல் தள்ளி, ஜன்னல் பக்கம் திரும்பி. வடிவேலு குழம்பு வாளியோடு வந்து, "அண்ணே, ஊத்தவா வேணாமா லா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பதில் வராததால் தன் இஷ்டத்துக்கு ஊற்றிவிட்டுப் போவார்.

இப்படியே எட்டு மாதம் ஓடிற்று. அறுபத்தேழு ஜூன் மாதம் செய்தி வந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து பாலத்தைக் கடக்கப் பாஸ்போர்ட் வேண்டும். சிங்கப்பூர் தனியாகி, இரண்டு நாடாகப் பிரிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது என்று தனசேகரனும் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் அது பெரிய மனிதர்களுடைய விவகாரம் என்றும், ஐந்தே கால் பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் நினைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வராந்தாவில் டீச்சர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். பாஸ்போர்ட் எடுக்கலாம், எடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் ஏற்கெனவே தலைமை ஆசிரியர் ஒரு மாதிரி பார்க்கிறார், கொழுந்தனார் மாதம் ஒருமுறை வந்து சிங்கப்பூரில் வாரா வாரம் என்ன வேலை என்று கேட்கிறார். பிள்ளையின் அரை மணி நேரப் பாடம் என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கான்வென்டில் ஒரு சிஸ்டர் பியானோ சொல்லித் தருகிறாராம், மங்கையை அங்கே சேர்த்துவிடலாம்.

"வரணுமா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் நிறுத்தினார். தனசேகரனையே பார்த்தார்.

எட்டு மாதத்தில் அவர் இப்படி நேராகப் பார்த்ததில்லை. இது கேள்வி, இதற்குப் பதில் வேண்டும் என்பது ஆட்டுக்கல்லுக்குக்கூடத் தெரிந்திருக்கும். தனசேகரனுக்கும் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

"பாஸ்போர்ட் போட்டோல மட்டும் சிரிச்சுறாதீங்க டீச்சர். ஆளு மாறிப்போச்சுன்னு உட்லண்ட்ஸ்ல எறக்கி விட்டுருவாங்க."

மங்கை சிரித்தாள். டீச்சர் நோட்டை எடுத்துச் சனிக்கிழமைக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டு மூடி வைத்தார்.

"சரி சார்" என்றார்.

அந்தச் 'சரி' தனசேகரனோடு நோரிஸ் ரோடு வரைக்கும் நடந்து வந்தது. ஆறு பத்துக்கு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்துபோய் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். வடிவேலு கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து என்ன நடந்தது என்று கேட்டார். தனசேகரன் சொன்னார். சொல்லும்போதும் நடுவில் ஒரு வேடிக்கை வந்துவிட்டது. வடிவேலு சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒரு தடவ சிரிப்புக் காட்டாம பேசுனா செத்தா போயிருவீங்க?"

மறுநாளிலிருந்து தனசேகரன் செல்லோவைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த அரை மணி நேரமும் ஒரு வாக்கியத்தைப் பயிற்சி செய்தார். மூட்டைகளைப் பார்த்து நின்றுகொண்டு சொல்வார். வாக்கியம் நன்றாகத்தான் கிளம்பும். முடிகிற இடத்தில் ஒரு வேடிக்கை வால் முளைத்துவிடும். மறுபடி ஆரம்பிப்பார், அதற்கு வேறு வால். மிஸஸ் மின்ஜூட் புதுப் பாட்டுக்குச் சொல்கிற முறையில், மெதுவாக, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று எடுத்துப் பார்த்தார். பக்கத்து அறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். வால் முளைக்கிற ஒவ்வொரு தடவையும் கத்தி நின்றுவிடும். வியாழக்கிழமை கத்தி நாலு தடவை நின்றது. வெள்ளிக்கிழமை ஒரு தடவை.

ஜூன் இருபத்து நாலு, பாஸ்போர்ட் இல்லாமல் வருகிற கடைசிச் சனிக்கிழமை. மங்கை எப்போதும் போல மூன்று மணிக்குப் படியில் உட்கார்ந்து வறுத்த கடலையைத் தின்றாள். தனசேகரன் வாசித்தார். சுமாராகத்தான் வந்தது. ஆனால் பென்சில் நிற்கவேயில்லை, ஏனென்றால் அது ஓடவும் இல்லை. டீச்சர் அன்று நோட்டுகள் எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

மூன்றரை ஆயிற்று. மங்கை உள்ளே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏறுவரிசையில் ஒவ்வொரு சுரமாக வாசிக்க ஆரம்பித்தாள். டீச்சர் பழுப்பு நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"டீச்சர்" என்றார் தனசேகரன். வில் இன்னும் கையில் இருந்தது. "எனக்கு சனிக்கிழமை மட்டும் போதல."

டீச்சரின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது.

"ஏழு நாளும் நீங்களும் மங்கையும் இருக்கிற எடத்துல நானும் இருக்கணும். நீங்க சம்மதிச்சா."

சொல்லி முடித்ததும் வால் வந்தது. நல்ல வால்தான், அவர் வாழ்நாளில் பேசிய வேடிக்கைகளில் முதல் பத்துக்குள் வரக்கூடியது. நாக்கு நுனியில் வந்து நின்று கெஞ்சிற்று. தனசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் மங்கை மேல் சுரத்தைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்க ஆரம்பித்திருந்தாள்.

டீச்சர் காத்திருந்தார். அந்த வாலுக்காகத்தான் காத்திருந்தார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்."

"பின்னாடி ஒண்ணும் வரலையே?"

"வந்துச்சு. முழுங்கிட்டேன்."

டீச்சர் பேனாவை மூடினார். தலை குனிந்து நோட்டின் அட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, வகுப்பில் கணக்கு விளக்குவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். பள்ளிக்கூட வேலையை விட முடியாது. மங்கையின் அப்பா வீட்டாருக்கு ஒளித்து எதுவும் செய்ய முடியாது. மங்கைக்கு அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது, அது சரியா தப்பா என்று தனக்கு இன்னும் தெரியவில்லை. தனசேகரன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். டீச்சர் மறுக்கிறார் என்று நினைத்துச் செல்லோவைப் படுக்க வைக்கக் குனிந்தார்.

"எட்டு மாசமா நாங்கதான் அந்தப் பாலத்தத் தாண்டி வர்றோம்" என்றார் டீச்சர். "ஒரு சனிக்கிழமை நீங்க வாங்க. எங்க வீட்டுல வந்து, மங்கை இருக்கும்போது இதையே சொல்லுங்க. இதே மாதிரி. அப்புறம் நான் யோசிக்கிறேன்."

வீட்டு முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அன்றும் ரோச்சோர் ரோடு வரைக்கும் தனசேகரன் கூடப் போனார். மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. பஸ் ஏறும்போது மங்கை, அங்கிளுக்குக் காய்ச்சலா என்று அம்மாவிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை போய் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் கொடுத்தார். அவருக்கு முன்னால் ஊர்ப்பட்ட கூட்டம். அந்தப் பக்கம் அக்காள் உள்ளவர், அந்தப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், மாமியாரைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர் என்று எல்லா வகையும் நின்றார்கள். புத்தகம் கைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று சனிக்கிழமையும் வராந்தாவில் அவர் தனியாக உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தார். மூன்றரையிலிருந்து நாலு வரை, மங்கையின் நேரத்தில், வீடு சத்தமில்லாமல் இருந்தது. அந்த நேரத்தைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, அந்த நேரம் காலியில்லை என்று மட்டும் சொன்னார் மிஸஸ் மின்ஜூட்.

நாலாவது சனிக்கிழமை தனசேகரன் பாடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, செல்லோவோடு ஜோகூர் பஸ் ஏறினார். அதை எடுத்துவரச் சொல்லி டீச்சர் கேட்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு போனால் கை தன் இஷ்டத்துக்கு ஆடும், வாய் கையைப் பின்பற்றும் என்ற பயம் அவருக்கு இருந்தது. இரண்டு பேர் இடத்தைப் பெட்டி அடைத்துக்கொண்டது. உட்லண்ட்ஸில் முத்திரை குத்தி விட்டார்கள். பாலத்தில் போகும்போது கடல் எந்தப் பக்கம் என்று பார்க்கவும் தோன்றவில்லை.

ஜோகூர்ப் பக்கம் சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மீசை வைத்த ஓர் அதிகாரி தந்தியை ஒரு விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, விற்கவா என்று மலாயில் கேட்டார். இல்லை, வாசிக்க என்றார் தனசேகரன். அப்படியானால் வாசி, பார்ப்போம் என்று தன் நாற்காலியை இழுத்துப் போட்டார் அதிகாரி.

சுங்கச் சாவடி நடுவில், பின்னால் கோழிக்கூடையும் மூட்டை முடிச்சுமாக ஒரு பஸ் ஜனம் நிற்க, தனசேகரன் உட்கார்ந்து தனக்கு முழுசாகத் தெரிந்த அந்த ஒரே பாட்டை வாசித்தார். பாதியில் அதிகாரி போதும் என்று கையைக் காட்டினார். யாருக்கு வாசிக்கப் போகிறாய் என்று கேட்டார். இங்கே ஒரு டீச்சர் இருக்கிறார், அவர் கேட்க வேண்டும் என்று தனசேகரன் உள்ளதைச் சொன்னார். அதிகாரி முகத்தில் இரக்கம் தெரிந்தது. டீச்சர் இருந்தால் சீக்கிரம் போ, கற்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது என்று பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார்.

பஸ் போய்விட்டிருந்தது. தனசேகரன் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். துண்டுக் காகிதத்தைக் காட்டி மூன்று பேரிடம் வழி கேட்டார். மூன்று பேரும் பெட்டிக்குள் என்ன என்று திருப்பிக் கேட்டார்கள். மூவருக்கும் செல்லோ என்றே சொன்னார், வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை முடி வெட்டிய தலையில் வெயில் நேராக இறங்கிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஆசிரியர் வீடுகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது வீட்டு வாசலில் மங்கை உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து, ஓடி வராமல், உள்ளே ஓடினாள்.

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் இரண்டு திறந்தன. டீச்சர் வாசலுக்கு வந்தார். ஜன்னல்களைப் பார்த்தார், பிறகு கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்தார். தனசேகரன் பெட்டியோடு படி ஏறினார். மேல் நிலையில் பெட்டி இடித்தது. பக்கவாட்டில் திருப்பினார், அப்போதும் இடித்தது. வாசலுக்கு வெளியிலும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல், நாற்பத்திரண்டு வயது ஆள் ஒருவர் பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றிச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நேரா கொண்டாந்தா இடிக்கும். சாச்சுப் பிடிங்க" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து பெட்டியின் அடிப்பக்கத்தைத் தூக்கினார்.

இரண்டு பேருமாகச் சாய்த்து உள்ளே கொண்டுபோனார்கள். கூடத்தில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றில் மங்கை ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்கிளுக்குத் திரும்பிப் போக எத்தன மணிக்கு பஸ்ஸும்மா?" என்று கேட்டாள்.

"அத அப்புறம் பாக்கலாம்" என்றார் டீச்சர். "முதல்ல அவர் உக்காரட்டும்."